மென்காற்றில் இழுவைப் பட்டம்: கயிறும் முச்சையும்

நான்கு கயிறுகளால் இயக்கப்படும் இழுவைப் பட்டம் ஒன்றில், 25 மீட்டர் நீளமுள்ள முன்கயிறுகள் இரண்டும் நாளடைவில் 10 சென்டிமீட்டர் நீண்டுவிட்டால், அந்த மாற்றம் மொத்த நீளத்தில் 0.4 விழுக்காடுதான், கயிற்றைக் கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ அதை அறிய இயலாது. ஆனால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 1.2 மீட்டர் அகலமுள்ள இறக்கையில் அதே 10 சென்டிமீட்டர், இறக்கையின் சாய்வை ஏறக்குறைய 5 பாகை மாற்றிவிடும். வலுத்த காற்றில் இந்தப் பிழை பெரிதாக வெளியே தெரிவதில்லை. பட்டம் சற்று மந்தமாகப் பறக்கும், அவ்வளவே. காற்று மென்மையாக வீசும் நாளிலோ அதே பட்டம் தரையைவிட்டு எழ மறுக்கும், எழுந்தாலும் பாதி உயரத்தில் நின்று வால்பக்கமாகச் சரிந்து இறங்கும், இயக்குபவரும் காற்று போதவில்லை என்று முடிவுகட்டித் துணியைச் சுருட்டிவிடுவார். காற்றின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பல உண்மையில் கயிற்று நீளத்தைச் சேர்ந்தவை.

இழுவைப் பட்டம் என்பது வேடிக்கைக்காக வானில் நிறுத்தப்படும் பட்டமன்று. மூன்று சக்கர வண்டியையோ, அலைப்பலகையில் நிற்கும் மனிதரையோ, பனிச்சறுக்குக் கட்டையையோ இழுத்துச் செல்லும் அளவுக்கு விசை தரும்படி வடிவமைக்கப்பட்ட துணி இறக்கை அது. டென்மார்க்கின் ஃபானோ தீவிலும் ஜெர்மனியின் சாங்க்ட் பீட்டர்-ஓர்டிங்கிலும் உள்ள அகன்ற, இறுகிய மணற்பரப்புகளில் இத்தகைய பட்டங்களால் இழுபடும் வண்டிகள் ஓடுகின்றன. அந்த வண்டியைப் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின், காலம் 1990-ஐ ஒட்டியது. இவ்வகைப் பட்டங்களில் பெரும்பாலானவை, 1964-இல் டொமினா ஜால்பர்ட் அமெரிக்காவில் உருவாக்கிய காற்றறை இறக்கையின் வழிவந்தவை. மேலும் கீழும் இரு துணிகள், இடையில் அவற்றைப் பிரித்து நிறுத்தும் துணிச்சுவர்கள், முன்விளிம்பில் திறந்த வாய்கள் என்னும் அமைப்பில், எதிர்வரும் காற்றே உள்ளே புகுந்து அறைகளை நிரப்பி இறக்கைக்கு வடிவம் தருகிறது. குச்சியோ சட்டமோ எதுவும் இல்லை. ஆகவே இறக்கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அதன் வளைவு எவ்வளவு இருக்க வேண்டும், இடமும் வலமும் எப்படிச் சமநிலை பெற வேண்டும் என்பவற்றையெல்லாம் அதன் அடிப்பரப்பிலிருந்து இறங்கும் பல பத்துச் சிறுகயிறுகளே தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பட்டக்காரர்கள் முச்சை என்றும் சென்னையில் சூத்திரம் என்றும் சொல்லும் இணைப்புக் கயிறுகளின் விரிந்த வடிவம்தான் இது. இங்கு அது முச்சை என்றே குறிக்கப்படுகிறது. முச்சையின் அடிமுனையிலிருந்து மனிதரின் கைவரை நீளும் கயிறுகள் பறப்புக் கயிறுகள் எனப்படும்.

கயிற்றின் நீளத்தை மாற்றி இறக்கையின் சாய்வை மாற்றலாம் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் போகாக், பட்டங்களால் இழுக்கப்படும் வண்டிக்கு 1826-இல் காப்புரிமை பெற்றபோதே, பட்டத்தைத் திருப்பவும் அதன் விசையைக் குறைக்கவும் தனித்தனிக் கயிறுகளைப் பயன்படுத்தினார். 1899-இல் ரைட் சகோதரர்கள் டேட்டனில் பறக்கவிட்ட, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஈரடுக்குப் பட்டமும் நான்கு கயிறுகளாலும் இரண்டு கைக்கோல்களாலும் இயக்கப்பட்டது; கோல்களை எதிரெதிராகச் சாய்த்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். விமானத்தை உருட்டித் திருப்பும் முறையை அவர்கள் முதலில் சோதித்தது அந்தக் கயிறுகளின் முனையில்தான்.

மென்காற்று என்று இங்கு குறிக்கப்படுவது, போஃபோர்ட் அளவுகோலில் 2-ஆம் படியும் 3-ஆம் படியின் தொடக்கமும் ஆகும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் முதல் 4 மீட்டர் வரையிலான வேகம். காற்று ஒரு பரப்பின் மீது செலுத்தும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியாகும்போது விசை கால்பங்காகக் குறைகிறது. நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது அதைத் தடுத்து நிறுத்தும்போது கிடைக்கும் அழுத்தம், ஒரு சதுர மீட்டருக்கு 3.75 நியூட்டன், 0.4 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கிய நீர் தரும் அழுத்தத்துக்கு மேல் அது இல்லை. அறைகளை நிரப்பி இறக்கையை விறைப்பாக வைத்திருக்க வேண்டிய அழுத்தமும் இதுவே என்பதை நினைத்தால், மென்காற்றில் துணி ஏன் தொய்ந்து சுருங்குகிறது என்பது விளங்கும். 5 சதுர மீட்டர் பரப்புள்ள இறக்கை, 0.8 என்னும் தூக்குவிசைக் கெழுவுடன் இந்தக் காற்றில் அசையாமல் நின்றால், அதற்குக் கிடைக்கும் மொத்தத் தூக்குவிசை 15 நியூட்டன். பட்டமும் முச்சையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளவையாக இருந்தால், தன்னைத் தானே தாங்கிக்கொள்வதிலேயே அந்த விசை முழுவதும் தீர்ந்துவிடும். இழுப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

மிஞ்சும் விசை பட்டத்தின் ஓட்டத்திலிருந்து பிறக்கிறது. காற்றின் திசைக்குக் குறுக்கே பட்டம் பாயும்போது, அதன் இறக்கை உணர்வது தரையில் வீசும் காற்றை அன்று, தன் சொந்த வேகமும் சேர்ந்த தோற்றக்காற்றை. ஓர் இறக்கையின் தூக்குவிசைக்கும், அதன் ஓட்டத்தைத் தடுக்கும் பின்னிழுப்பு விசைக்கும் உள்ள விகிதம் 5 என்றால், பட்டம் காற்றின் வேகத்தைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு வேகத்தில் குறுக்கே ஓட முடியும். மேலே கண்ட அதே இறக்கை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அதே 2.5 மீட்டர் காற்றில், இலட்சிய நிலையில் 375 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். அது 38 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு நிகர். நடைமுறையில் இதில் ஒரு பகுதிதான் வாய்க்கும் என்றாலும், 15-க்கும் 375-க்கும் உள்ள இடைவெளியே மென்காற்றுப் பறப்பின் முழுக் களம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பணியாற்றிய மைல்ஸ் லாய்ட், 1980-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், குறுக்கே பறக்கும் பட்டத்திலிருந்து பெறக்கூடிய ஆற்றல் இந்த விகிதத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்று காட்டினார். இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. விகிதம் 5-லிருந்து 4-ஆகக் குறைந்தால், விசை 25 பங்கிலிருந்து 16 பங்காக, அதாவது 36 விழுக்காடு சரிகிறது. சுருங்கிய பின்கயிறு, தொய்ந்த முன்வரிசை, தேவைக்கு மேல் தடித்த பறப்புக் கயிறு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியை இழப்பது எளிது.

கோணத்தைப் பற்றிய ஒரு பொதுவான தவறான கருத்தை இங்கு களைவது நல்லது. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கையின் முன்பின் அச்சுக்கும் இடைப்பட்ட கோணம் தாக்குகோணம் எனப்படுகிறது. காற்று குறைந்தால் இறக்கையை இன்னும் நிமிர்த்தி, காற்றை அதிகமாக வாங்கச் செய்ய வேண்டும் என்று தொடக்கநிலையாளர்கள் எண்ணுவது இயல்பே. கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடுவதும் ஓர் எல்லைவரை உண்மையே. ஆனால் பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 12 முதல் 15 பாகைக்கு மேல் சென்றதும், மேற்பரப்பைத் தழுவி ஓட வேண்டிய காற்று அதிலிருந்து பிரிந்து சுழலத் தொடங்குகிறது. தூக்குவிசை சரிகிறது, பின்னிழுப்பு பலமடங்காகிறது, பட்டம் முடங்குகிறது. மென்காற்றில் இந்த எல்லை முன்கூட்டியே வந்துவிடுவதற்கும் காரணம் உண்டு. காற்றின் வேகம், இறக்கையின் அகலம், காற்றின் பிசுபிசுப்பு ஆகியவற்றை இணைக்கும் ரெனால்ட்ஸ் எண் என்னும் அளவு குறையக் குறைய, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு எளிதில் பிரிந்துவிடும் தன்மை பெறுகிறது. 1.2 மீட்டர் அகல இறக்கை நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அசையாது நிற்கும்போது இந்த எண் ஏறக்குறைய 2.4 இலட்சம், அதுவே 15 மீட்டர் வேகத்தில் பாயும்போது 12 இலட்சம். தரையிலிருந்து எழும் முதல் சில நொடிகளில்தான் இறக்கை மிக எளிதாக முடங்கக்கூடிய நிலையில் இருக்கிறது. தாக்குகோணம் கூடிப்போன பட்டம் மென்காற்றில் எழவே மறுப்பது இதனால்தான்.

அப்படியானால், வாங்கியபோது நன்றாகப் பறந்த பட்டத்தின் தாக்குகோணம் யாரும் தொடாமலே எப்படிக் கூடுகிறது என்னும் கேள்விக்குக் கயிற்றின் இழையில் விடை இருக்கிறது. இன்றைய பறப்புக் கயிறுகள் பெரும்பாலும் டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா என்னும் வணிகப் பெயர்களில் விற்கப்படும், மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்படுகின்றன. நீரைவிட இலேசானவை, எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலுவானவை, மிகக் குறைவாகவே நெகிழ்பவை என்பதால் இப்பணிக்கு இவற்றை மிஞ்சிய இழை அரிது. ஆனால் இவற்றுக்கு இரண்டு குணங்கள் உண்டு. பெரும் பளுவைத் தொடர்ந்து தாங்கும் இழை மெல்ல மெல்ல நீண்டு, பளு நீங்கிய பின்னும் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. பின்னலும் பளுவில் இறுகி மெலிந்து அந்த நீட்சியைக் கூட்டுகிறது. பளுவே தாங்காத கயிற்றிலோ பின்னல் தளர்ந்து, மணற்பொடியும் உப்பும் உள்ளே புகுந்து, கயிறு பருத்துக் குட்டையாகிறது. பட்டத்தின் முன்கயிறுகளே பெரும்பங்குப் பளுவைத் தாங்குகின்றன. பின்விளிம்புக்குச் செல்லும் பிரேக் கயிறுகளோ பெரும்பாலான நேரம் தளர்வாகவே இருக்கின்றன. ஆகவே முன்கயிறு நீள்கிறது, பின்கயிறு சுருங்குகிறது, இரண்டும் ஒரே திசையில் பிழையைப் பெருக்குகின்றன. முச்சையிலும் இதே கதைதான்: முன்விளிம்பை ஒட்டிய முதல் வரிசை நீள, பின்வரிசைகள் குறுக, இறக்கை சிறிது சிறிதாக மூக்கை நிமிர்த்திக்கொள்கிறது. கடற்கரையில் ஒரு பருவம் முழுதும் உழைத்த பட்டத்தில் இந்த மாற்றம் இல்லாதிருந்தால்தான் வியப்பு.

அளவிடும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நான்கு பறப்புக் கயிறுகளையும் முறுக்கில்லாமல் விரித்து, பட்டத்தில் மாட்டும் முனைகளை ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே அளவு இழுவிசையில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு பலத்தில் இழுத்தால் அளவு பொய்க்கும். கைப்பிடிக் கம்பி கொண்ட அமைப்பானால், கம்பியைக் குறிப்பிட்ட ஒரு நிலையில் நிறுத்தி அளப்பதும், ஒவ்வொரு முறையும் அதே நிலையிலேயே அளப்பதும் அவசியம். சுருங்கிய பிரேக் கயிற்றை முதலில் நன்னீரில் அலசி உப்பையும் மணலையும் நீக்கி, உலர்ந்தபின் முளையில் கட்டி உடல்பளுவால் சில நிமிடம் இழுத்துப் பிடித்தால், இழந்த நீளத்தில் ஒரு பகுதி மீளும். மீளாத பகுதியை முனையிலுள்ள இணைப்புக் கயிற்றில் சரிசெய்யலாம்: ஒரு முழ நீளமுள்ள தடித்த துண்டில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக முடிச்சுகள் இருக்கும், பறப்புக் கயிற்றின் கண்ணியை மடித்துச் சுருக்காக்கி, எந்த முடிச்சுக்குப் பின்னால் மாட்டுகிறோமோ அதுவே நீளத்தை முடிவு செய்யும். மெல்லிய பறப்புக் கயிற்றிலேயே நேரடியாக முடிச்சுப் போடுவது தவறு. இந்த வழுக்கும் இழை முடிச்சின் வளைவில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதாலேயே, கண்ணிப் பகுதிகளில் அதற்கு உறை போட்டுத் தைக்கிறார்கள்.

எவ்வளவு தளர்வு சரியானது என்பதற்குக் கைப்பிடிகளால் இயக்கப்படும் நிலைமுச்சைப் பட்டம் நல்ல உதாரணம். இவ்வகையில் முன்கயிறுகள் முச்சையின் முழு வரிசைகளையும் தாங்க, பிரேக் கயிறுகள் பின்விளிம்பை மட்டும் பிடிக்கின்றன. எனவே இவ்வகையில் முன்கயிறு நீண்டால், தொடக்கத்தில் கண்டதுபோல் முழு இறக்கையும் சாய்வதில்லை, பின்விளிம்பு மட்டும் எப்போதும் கீழ்நோக்கி இழுபட்டுக் கிடக்கும். பட்டத்தை உச்சிக்குக் கொண்டுவந்து கைகளை இயல்பாக வைத்துக்கொண்டு பார்த்தால், பிரேக் கயிறு காற்றில் வில்லாக வளைந்து தொங்க வேண்டும்; பின்விளிம்பில் ஒரு சுருக்கமும் தெரியக்கூடாது. இந்த வில்வளைவை ஒரு குறையாகக் கருதி இழுத்துக்கட்டுபவர்கள் உண்டு. ஆனால் பாயும் பட்டத்தின் பின்னால் அந்தக் கயிற்றின் மீதும் காற்று மோதுகிறது. அந்த மோதலே கயிற்றை வளைத்து, பின்விளிம்பை ஓரளவு இழுத்துவிடும். நிற்கும்போது சரியாகத் தோன்றும் கயிறு பாயும்போது இறுகிவிடுவது இதனால்தான். மென்காற்றில் ஒரு முடிச்சு கூடுதலாகத் தளர்த்தி வைப்பதும், திருப்பத்துக்குத் தேவைப்படும்போது மணிக்கட்டைச் சற்று அதிகமாக மடக்குவதும், இறுக்கிக் கட்டி இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

பறப்புக் கயிறுகள் சமமானபின்னும் பட்டம் மந்தமாக இருந்தால், முச்சையை அளக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது இடவலச் சமச்சீர். பட்டத்தை நடுவில் மடித்து, இடப்பக்கத்தின் ஒவ்வொரு சிறுகயிற்றையும் வலப்பக்கத்தில் அதற்கு இணையான கயிற்றோடு சேர்த்து இலேசாக இழுத்துப் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் வேறுபாடும் உடனே தெரியும். கைகளைச் சமமாக வைத்தும் பட்டம் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போவதன் காரணம் பெரும்பாலும் இங்குதான் அகப்படும்; அதைக் கைகளால் ஈடுசெய்துகொண்டே பறப்பவர், தெரியாமலே எப்போதும் ஒரு பக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது முன்பின் வரிசைகளின் உறவு. முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி இவ்வரிசைகளை ஏ, பி, சி என்றும், பின்விளிம்பைப் பிடிப்பதைப் பிரேக் வரிசை என்றும் குறிப்பது வழக்கம். ஏ வரிசை இறக்கையின் அகலத்தில் 10 விழுக்காட்டிலும், பி 35-இலும், சி 65-இலும், பிரேக் பின்விளிம்பிலும் இருப்பதாகக் கொள்ளலாம். இறக்கையின் வளைவைக் கெடுக்காமல் தாக்குகோணத்தை மட்டும் 1 பாகை குறைக்க வேண்டுமென்றால், ஏ வரிசையைத் தொடாமல், பியை 0.5 சென்டிமீட்டரும், சியை 1.2 சென்டிமீட்டரும், பிரேக் வரிசையை 1.9 சென்டிமீட்டரும் நீட்ட வேண்டும்; அதாவது ஒவ்வொரு வரிசையின் மாற்றமும் ஏ வரிசையிலிருந்து அதன் தொலைவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். இந்த விகிதத்தை மீறி, கைக்கு எட்டிய ஒரு வரிசையை மட்டும் மாற்றுவது கோணத்தை மாற்றுவதாகாது, இறக்கையின் உருவத்தையே மாற்றுவதாகும். பி வரிசை மட்டும் குட்டையானால் மேற்பரப்பில் பள்ளம் விழும். சி வரிசையும் பிரேக்கும் அளவுக்கு மீறிக் குட்டையானால், இறக்கையின் பின்பகுதி கீழ்நோக்கி வளைந்து, தூக்குவிசையோடு பின்னிழுப்பையும் கூட்டி, எழும் தறுவாயிலேயே பட்டத்தை முடக்கும். நீண்டுபோன ஏ வரிசையைச் சீராக்குவதற்கு, முச்சையின் அடிக்கண்ணியில் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டு அந்த வரிசையைச் சுருக்குவது பலர் கையாளும் வழி; அந்த ஒரு சுற்று எத்தனை மில்லிமீட்டரை விழுங்குகிறது என்பதை அளந்துவிட்டே அதைச் செய்ய வேண்டும்.

பறந்துகொண்டிருக்கும்போதே கோணத்தை மாற்றவல்ல பட்டங்களில், வரிசைகளுக்கும் பறப்புக் கயிறுகளுக்கும் இடையே சிறு கப்பிகளைக் கொண்ட கலவை அமைப்பு ஒன்று இருக்கும். கைக்கம்பியை இழுக்கும்போது ஏ வரிசை அசையாமல் நிற்க, பி சிறிதளவும், சி அதைவிட அதிகமாகவும், பின்வரிசை முழுமையாகவும் நகரும்படி கப்பிகள் பங்கிட்டுக் கொடுக்கின்றன. மேலே சொன்ன விகிதத்தைத் தானாகவே காக்கும் அழகிய பொறி இது. ஆனால் கப்பியின் வழியே ஓடும் கயிறுகள் குட்டையானவை, ஓயாமல் உரசுபவை, மணலை நேரடியாக வாங்குபவை. ஆகவே இவையே முதலில் அளவு மாறுகின்றன. பல வடிவமைப்புகளில் முன்கயிறும் பின்கயிறும் மாட்டும் முனைகளை ஒரே முளையில் மாட்டி, வரிசைகளின் மேல்முனைகளைச் சேர்த்து இழுத்தால் நான்கும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று பிந்தியோ முந்தியோ நின்றால், முச்சையின் மேற்பகுதியைத் தொடுவதற்கு முன் இங்கேயே சரிசெய்துவிட வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்காற்றில் மந்தமாகிவிட்ட இத்தகைய பட்டங்களுக்கு இந்த வேலை அளிக்கும் பலனை வேறு சீரமைப்புகள் அளிப்பது அரிது.

பழைய அளவுக்கு மீட்டபின், அதற்கு அப்பால் செல்ல வேண்டுமா என்பதைப் பட்டத்தின் நடத்தையே சொல்லும். காற்று ஒரு கணம் தளரும்போது பட்டம் உச்சியிலிருந்து பின்னோக்கி வழுக்கி, இறக்கை நுனிகள் முன்னே வளைந்து, வால் முதலில் இறங்கினால் தாக்குகோணம் இன்னும் அதிகம். மாறாக, பட்டம் விறுவிறுவென்று ஏறி, இயக்குபவரின் தலையைத் தாண்டிக் காற்றின் எதிர்ப்புறமாகச் சென்று, முன்விளிம்பு உள்ளே மடங்கித் துணி கசங்கி விழுந்தால் கோணம் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. குறுகலான, நீண்ட, வேகமான இறக்கைகள் இரண்டாம் வகைப் பிழைக்கும், அகன்ற, குட்டையான இறக்கைகள் முதல் வகைக்கும் ஆளாகின்றன. எனவே எல்லாப் பட்டங்களுக்கும் பொருந்தும் ஒரே மென்காற்று அளவு கிடையாது. முன்விளிம்பு மடங்குவதற்குச் சற்று முன்பாகக் கோணத்தை நிறுத்துவதே சிறந்தது, ஏனெனில் தூக்குவிசைக்கும் பின்னிழுப்புக்கும் உள்ள விகிதம் பொதுவாக அந்தப் பக்கத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒரு முடிச்சளவு மட்டும் என்னும் ஒழுங்கைக் கடைப்பிடிக்காவிட்டால், எது பயன் தந்தது என்று கண்டுபிடிக்க வழியே இராது.

கயிற்றின் நீளமும் தடிப்பும் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டியவை. தரையை உரசும் காற்று வேகம் குன்றியே வீசுகிறது. திறந்த வெளியில் உயரத்தின் ஏழில் ஒரு பங்கு அடுக்குக்கு ஏற்ப வேகம் உயர்வதாகக் கணிப்பது பொறியியல் வழக்கம். அதன்படி 25 மீட்டர் கயிற்றை 40 மீட்டராக்கினால் பட்டம் சந்திக்கும் காற்றின் வேகம் 7 விழுக்காடும், விசை 14 விழுக்காடும் உயரும். இதைவிட முக்கியமான ஆதாயம் பாய்வதற்குக் கிடைக்கும் வெளியில் இருக்கிறது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் பட்டம், கால்வட்ட வளைவை 25 மீட்டர் கயிற்றில் 2.6 நொடியில் கடந்துவிடும். 40 மீட்டர் கயிற்றில் அதற்கு 4.2 நொடி ஆகும். ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டம் வேகத்தை இழப்பதால், திருப்பங்கள் குறையக் குறைய மென்காற்றில் ஓட்டம் அறாமல் நிற்கும். ஆனால் நீண்ட கயிறு தன் பின்னிழுப்பையும் எடையையும் கூடவே கொண்டுவருகிறது. கயிற்றின் மேல்முனை பட்டத்தின் வேகத்தில் விரைய, கீழ்முனை அசையாது நிற்பதால், கயிறு முழுவதும் பட்டத்தின் வேகத்தில் சென்றால் ஏற்படக்கூடிய பின்னிழுப்பில் கால்பங்கே பட்டத்தின் மீது சுமத்தப்படுகிறது. அப்படியிருந்தும், 1.5 மில்லிமீட்டர் தடிப்பும் 25 மீட்டர் நீளமும் கொண்ட நான்கு கயிறுகள், மேலே எடுத்துக்கொண்ட 5 சதுர மீட்டர் பட்டத்தின் மொத்தப் பின்னிழுப்பில் ஏறக்குறைய 5 விழுக்காட்டைத் தாமே சேர்க்கின்றன. பின்னிழுப்பு, தடிப்பையும் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பதால், 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிற்றை 40 மீட்டர் நீளத்துக்கு விட்டாலும் பின்னிழுப்பு ஏறத்தாழ முன்பிருந்த அளவிலேயே நிற்கும். நீளத்தின் ஆதாயம் முழுவதையும் இழப்பின்றிப் பெறும் வழி இதுவே: நீட்டுவதானால் மெலிவிக்கவும் வேண்டும். பட்டம் திரும்பச் சற்றுத் தாமதிக்கும் என்பது இதற்குத் தரவேண்டிய விலை.

சில குறைகளைக் கயிறு தீர்க்காது. வெயிலிலும் மணலிலும் தேய்ந்து பூச்சிழந்த துணி, அறைக்குள் புகுந்த காற்றைக் கசியவிடும். நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த அழுத்தத்தையும் இழந்த இறக்கைக்கு எந்த முச்சை அளவும் உயிரூட்டாது. ஈரம் கோத்த துணியும் அப்படியே, சில நூறு கிராம் கூடுதல் எடை மென்காற்றில் எழும் எல்லையை மேலே தள்ளிவிடும். மறுபுறம், எந்தக் கருவியும் தேவைப்படாத உதவி ஒன்று உண்டு: காற்று நொடிக்கு 2.5 மீட்டராக இருக்கும்போது, பட்டத்தை எழுப்பும் கணத்தில் இயக்குபவர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி நடந்தால், இறக்கை உணரும் காற்று 4 மீட்டராகி, விசை இரண்டரை மடங்குக்கும் மேலாக உயர்கிறது. எழுந்தபின் பட்டம் தன் ஓட்டத்தாலேயே தன் காற்றை உண்டாக்கிக்கொள்ளும்.

மென்காற்றுக்காகச் செய்யப்பட்ட அமைப்பை வலுத்த காற்றில் அப்படியே பயன்படுத்துவது ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தடிப்பை 1.5-லிருந்து 1 மில்லிமீட்டராகக் குறைக்கும்போது, கயிற்றின் குறுக்குப் பரப்பும் அதனோடு வலிமையும் 44 விழுக்காடாகச் சுருங்குகின்றன. காற்று நொடிக்கு 3 மீட்டரிலிருந்து 6 மீட்டராக எழுந்தாலோ பட்டத்தின் விசை நான்கு மடங்காகிறது. பளுவில் அறுந்து பின்னோக்கிச் சீறும் கயிறும், விறைப்பாக இழுபட்டு உடலின் குறுக்கே ஓடும் கயிறும், மாஞ்சா நூலைப் போலக் கண்ணாடித் தூள் பூசப்படாமலே தசையை அறுக்கக்கூடியவை. ஆகவே மெல்லிய கயிறுகளைத் தனிச் சுருளில், வேறு நிறத்தில் வைத்துக்கொள்வதும், கடற்காற்று நண்பகலுக்குப் பின் வலுக்கும் கரைகளில் பட்டத்தை முன்கூட்டியே இறக்கிக் கயிறுகளை மாற்றுவதும், இணைப்புத் துண்டில் தொழிற்சாலை அளவைக் குறிக்கும் முடிச்சுக்கு அழியாத மையால் நிறமிட்டு வைப்பதும் வேண்டியவை; காற்று ஏறும் நாளில் திரும்ப வேண்டிய இடம் அந்த முடிச்சுதான்.